மூன்று மாத வேலைக்காரி

விரோதி வருஷம், வைகாசி 29

இந்த நோட்டை மிளகு இருப்பு எழுதத்தான் வாங்கினேன். இன்றிலிருந்து இதில் வேறு விஷயம் எழுதப் போகிறேன். என் வீட்டுக்குள் ஒரு ஒற்றன் புகுந்திருக்கிறான். ஒற்றன் அல்ல, வேவுக்காரி. தேதி போட்டு எழுதி வைத்தால் பின்னால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

நேற்றுக் காலை பின்வாசலில் ஒரு பெண் வந்து வேலை கேட்டாள். அடுப்படியைப் பார்க்கும் வடிவு, "ஒத்தையில கெடந்து சாவுதேன் மொதலாளி. சாரல் வேற தொடங்கிட்டு. ஒரு ஆளு இருந்தா நல்லதுதான்" என்று கெஞ்சினாள். நான் வந்தவளைப் பார்த்தேன். முகத்தைவிட முதலில் சேலைதான் அடையாளம் தெரிந்தது. சிவப்புக் கூறை, மஞ்சள் கரை. நான் கொடுத்தது.

அது சித்திரைச் சந்தையில் நடந்தது. மலைச் சரக்குக்காக நடுவில் நின்று விலை பேசும் தரகன் அன்று வரவில்லை. இவள் ஒரு பொதி ஏலக்காயோடு தனியாக நின்றாள். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. உள்ளங்கையை இரண்டு தடவை அமுக்கினால் வியாபாரம் முடிந்தது என்று பொருள். பெண்பிள்ளைகளோடு யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் அந்த ஏலக்காய் வாசனை என்னை நகரவிடவில்லை. துண்டை விரித்துக் கையை நீட்டினேன். அவளும் தயங்காமல் தந்தாள். அருவிக்கரைப் பாறையைத் தொட்டது போலக் குளிர்ந்த கை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். இரண்டு தடவை அமுக்கினேன். காசு வேண்டாம் என்று தலையாட்டினாள். கொஞ்சம் உப்பும் ஒரு சேலையும் கேட்டாள். பக்கத்து ஜவுளிக் கடையில் கைக்கு அகப்பட்டது ஒரு கல்யாணக் கூறை; நாலு பேர் பார்க்க இரண்டு கையாலும் அதை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

முதல்தரமான ஏலக்காய் வைத்திருக்கிறவள் என் வீட்டில் பாத்திரம் விளக்க எதற்கு வரவேண்டும்? எனக்குப் போட்டியாக இருக்கும் மேலச்சந்தை மண்டிக்காரன் அனுப்பியிருப்பான். விரட்டினால் எனக்குத் தெரியாத இன்னொரு ஆளை அனுப்புவான். தெரிந்த ஆள் கண் முன்னால் இருப்பது மேல். இருக்கட்டும் என்றேன்.

வைகாசி 30

பெயர் கேட்கவில்லை. "புள்ள" என்றால் போதும்.

ஆனி 5

ஒரு வாரமாக அவள் தலையில் ஒரே பூ. பிச்சி மாதிரி, ஆனால் நீலம். வாடவே இல்லை. வடிவிடம் கேட்டேன். "தெனமும் புதுசு பறிச்சு வைக்காளோ என்னமோ" என்றாள். தோட்டத்தில் நீலப் பூ கிடையாது. போய்ப் பார்த்தேன். இரண்டு தடவை.

அது தவிர, என்னை "நீரு" என்கிறாள். இங்கே கணக்குப்பிள்ளை நல்லகுத்தாலமே "மொதலாளி, நீங்க" என்றுதான் சொல்வான். இவள் இலையைப் போட்டு, "உக்காரும், சாப்பிடும்" என்கிறாள், ஏதோ நான் அவள் வீட்டுக்கு விருந்து வந்தவன் போல. கண்டிக்க வேண்டும். நாளைக்கு.

ஆனி 6

கண்டிக்கவில்லை. மழை.

ஆனி 14

இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். நோட்டில் எழுதலாம்.

அந்தச் சித்திரைச் சந்தையிலிருந்து என் வலது கை பழைய கையாக இல்லை. துண்டுக்குள் யாருடைய விரலைப் பிடித்தாலும் அந்த ஆள் மனதில் இருப்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. காதில் கேட்பது போல இல்லை. பசி எடுத்தால் எப்படித் தெரியுமோ அப்படி. இன்று ஒரு மிளகுக்காரன் வந்தான். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு விலையில் அசைய மாட்டேன் என்றான். விரலைத் தொட்டதும் தெரிந்தது, அவன் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம், எந்த விலைக்காவது தள்ளிவிட்டு வீடு போய்ச் சேர வேண்டும். பாதி விலைக்கு முடித்தேன். வியாபாரம் வியாபாரம்தான்.

நல்லகுத்தாலம் என்னை வியந்து பேசுகிறான். "மொதலாளி கண்ணு கண்ணுல்லா!" என்றான். வர வர அதிகமாகப் புகழ்கிறான். அவனையும் கவனிக்க வேண்டும்.

இந்தக் கையால் அவளைத் தொட்டால் அவளை அனுப்பியது யார் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். தொடவில்லை. வேலைக்கு நிற்கிற பெண்ணைத் தொடுவது முறையல்ல. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆனி 25

இத்தனை சாரலிலும் மண்டியில் ஒரு மூட்டை மிளகுகூடப் பூசணம் பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்து மண்டியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. காலையில் அவள் மூட்டைகளின் மேல் கையை ஓட்டிக்கொண்டே நடந்து போனதைப் பார்த்தேன். என்ன செய்தாள்? ஏன் செய்தாள்? கெடுதல் செய்ய வந்தவள் நல்லது செய்தால் அதற்குள் பெரிய கெடுதல் எதுவோ இருக்கிறது.

ஆடி 2

நெல்லும் அரிசியும் இருக்கும் அரங்கு அறையின் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். காலையில் நானே திறந்து, வேலைக்காரர்களுக்கு நானே அரிசி அளப்பேன். சின்னப் படி. தாது வருஷப் பஞ்சத்தில் நான் மூட்டை சுமந்த பெரிய வீட்டில் எனக்கு அளந்தார்களே, அதே படி. அந்த வீடு நொடித்து சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது போட்டி போட்டு அந்தப் படியை வாங்கினேன். அன்று எனக்கு அது வெற்றியாக இருந்தது.

இன்று முற்பகலில் வடிவு கொதிக்கிற குழம்புச் சட்டியோடு தடுக்கி விழப் போனாள். சட்டி கவிழாமல் இருக்க அவள் கையைப் பிடித்தேன். வலது கையால்.

வடிவுக்குப் பசி. இன்றைய பசி அல்ல. மூன்று வருஷப் பசி. என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வயிறு ஒருநாளும் நிறைந்ததில்லை. சட்டியில் இருந்த குழம்பை நினைத்து அவளுக்கு வாய் ஊறியதுகூட எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பழக்கமான பசி. எந்தப் படியால் வந்த பசி என்றும் தெரியும்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை.

ஆடி 3

தினமும் அரிசி அளக்க எனக்கு நேரம் இல்லை. அதனால் அரங்கைப் பூட்டாமல் விட்டுவிட்டேன். எடுத்துப் பொங்கிக்கொள்ளட்டும்.

படி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்று எழுத அவசியமில்லை.

ஆடி 4

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்கு?

ஆடி 12

அம்மி அரைத்துக்கொண்டிருந்தாள். நான் வேட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் புழக்கடைக்குப் போனேன். ஆளை நேராகக் கேட்டு மடக்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

"ஏ புள்ள, நீ எந்த ஊரு?"

"மேல."

"மேலன்னா?"

"மூணாம் அருவிக்கு மேல."

"அங்க பாறைதான கெடக்கு. குடி ஏது?"

"நீரு பாத்தீரா?"

"பாக்கல."

"பின்ன?" என்று குழவியைத் தள்ளினாள். அரைத்துக்கொண்டே, "உம்ம வேட்டி அங்க காயல. முன்கட்டுல காயுது" என்றாள்.

வடிவு அடுப்படிக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் கூட்டு.

ஆடி 21

தூத்துக்குடிக் கிட்டங்கிக்காரர் தவசிக்கண்ணு வந்தார். கிட்டங்கியில் சரக்கைச் சேர்த்துக் கப்பலுக்கு ஏற்றுகிற பெரிய கை. தன் மகளை எனக்குத் தருவதாகப் பேச்சு எடுத்தார். மூட்டை சுமந்தவனுக்கு இப்படி ஒரு சம்பந்தம் கிடைக்கும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பழக்கதோஷத்தில் துண்டைப் போட்டுக் கையைப் பிடித்தார். "சும்மா, நம்ம தொழில் முறைக்கு, மாப்ளே" என்றார். விரலைத் தொட்டதும் தெரிந்தது. அவர் மனதில் நான் இன்னும் மூட்டை சுமக்கிறேன். மண்டி அவருக்கு வேண்டும். நான் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற சாக்கு. பெண்ணுக்கும் விருப்பமில்லை. அவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள், அது அவருக்குப் பொருட்டில்லை.

சரி என்றேன். அவர் என்னை என்ன நினைத்தால் என்ன? அவருடைய கிட்டங்கி எனக்கு வேண்டும். அவர் வீட்டுப் பந்தியில் முதல் இலையில் உட்கார வேண்டும். ஆவணி இருபத்தெட்டாம் தேதி நிச்சயம்.

ஆவணி 8

இலை போடும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"கட்டிக்கிடப் போறீராமே?"

"ஒனக்கு என்ன அதப்பத்தி?"

"எனக்கா?" என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "மூணு மாசம் முடியட்டும். சொல்லுதேன்."

"என்ன முடியணும்?"

"பாத்து முடியணும்லா."

வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள்! வேவுதான். மேலச்சந்தைக்காரன் மூன்று மாதத் தவணைக்கு அனுப்பியிருக்கிறான். இப்போதே வெளியே தள்ளிவிடலாம்.

தள்ளவில்லை. ரசத்தில் இவள் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது.

ஆவணி 19

நல்லகுத்தாலம், "மொதலாளி இப்பல்லாம் அடுப்படியப் பாத்தே உக்காருதீங்களே" என்றான். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வருகிறது என்றேன். அடுப்படியில் ஜன்னல் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும்.

ஆவணி 28

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தவசிக்கண்ணு வீட்டார் பதினொரு பேர் வந்தார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, தாம்பூலத் தட்டு எல்லாம் தயார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அதே கூறைச் சேலை, அதே நீலப் பூ. தவசிக்கண்ணுவின் தங்கை அன்னபாக்கியம் தண்ணீரை வாங்காமல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு இவ?"

"வேலைக்கு நிக்கா" என்றேன்.

"வேலைக்கு நிக்கவளுக்குக் கூறையா? எங்க புள்ளைக்குத் தட்டுல வச்சிருக்கதுகூட இம்புட்டு நல்லா இல்லயே!" அண்ணன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாப்ளே, இது யாரு எடுத்துக் குடுத்தது?"

செம்பை ஏந்திக்கொண்டு அவளும் என்னைத்தான் பார்த்தாள். அவள் கண் இமைக்கவில்லை. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட இமைத்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை. இல்லை, பொய் எழுதக் கூடாது. தெரிந்தது.

"சந்தையில சரக்குக்கு மாத்துனது" என்றேன். "ஏ புள்ள, போய் வேற உடுத்திட்டு வா."

செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். வடிவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூறையை அழகாக மடித்து, நான் கொடுத்தது போலவே இரண்டு கையாலும் என் மடியில் வைத்தாள்.

"பாத்து முடிஞ்சுது" என்றாள்.

பின்வாசல் வழியாகப் போகவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே நடந்து, முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள். "திமிரப் பாரேன்!" என்றாள் அன்னபாக்கியம். வெளியே நல்ல சாரல். தெருக்கோடி வரை பார்த்தேன். அவள்மேல் ஒரு துளி விழவில்லை.

தவசிக்கண்ணு துண்டை விரித்து, "மத்ததப் பேசிருவோம் மாப்ளே" என்று கையை நீட்டினார். பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. வியர்த்த கை, மூன்று மோதிரம், அவ்வளவுதான். இனி எல்லோரையும் போல நானும் ஊகித்துத்தான் பிழைக்க வேண்டும்.

தட்டு மாற்றவில்லை. நல்ல நேரம் தாண்டிவிட்டது என்று நானே சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

ஆவணி 29

வடிவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். என் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை. தூணோரம் குத்தவைத்தாள்.

"அவ யாரு?"

"எங்க ஆத்தா சொல்லக் கேட்டிருக்கேன் மொதலாளி. அருவிக்கு மேல கன்னிமாரு குடி உண்டு. கீழ வந்தா நம்ம கண்ணுக்குச் சும்மா மலைச் சனம் மாதிரித்தான் தெரிவாஹ. நாலு பேரு பாக்க ஒருத்தன் கையப் புடிச்சு, கூறையும் குடுத்துட்டான்னா, அவுஹளுக்கு அது கல்யாணம்."

பக்கத்தில் கிடந்த கூறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆனா பொண்டாட்டியா வரமாட்டாஹ. மொத மூணு மாசம் அவன் வீட்டுலயே வேலைக்காரியா நிப்பாஹளாம். பொண்டாட்டிகிட்ட ஆம்பள நல்லவனா நடிப்பான். வேலைக்காரிகிட்ட எதுக்கு நடிக்கணும்? அங்கதான ஆளு தெரியும்."

"இம்புட்டும் தெரிஞ்சவ ஏன் முன்னயே சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லி என்னையும் வெளிய தள்ளிருப்பீங்க."

உண்மை. அந்த வார்த்தையை நான் இந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

"என்னயப் பத்தி ஏதும் சொன்னாளா?"

வடிவு தரையைப் பார்த்தாள். "ஆனி மாசமே கெளம்புதேன்னுதான் நின்னா. எல்லாத்தையும் சந்தேகப்படுதாரு, மனுசனா இவருன்னு கேட்டா. பெறவு நீங்க அரங்கத் தெறந்து போட்டீங்கள்லா, அன்னைக்குச் சொன்னா, சரி, இருந்து பாப்பம்னு. நேத்து வரைக்கும் பாத்தா."

மூன்று மாதமாக நான் ஒருத்தியை வேவு பார்த்தேன். வேவு பார்த்தது நான், எடை போடப்பட்டதும் நான்.

ஆவணி 31

தவசிக்கண்ணுவுக்குக் கடிதம் எழுதினேன். சம்பந்தம் வேண்டாம், பெண்ணுக்குச் சம்மதமில்லை என்பது எனக்குத் தெரியும், இனி அவளைக் கேட்டு முடிவு செய்யவும் என்று. இந்தக் கடைசி வரியால்தான் அவருக்குக் கோபம் வரும். தூத்துக்குடியில் இனி ஒரு கிட்டங்கியும் எனக்குக் கதவு திறக்காது. பதினொரு வருஷம் ஏறிய படிகளில் பாதியை ஒரு காகிதத்தில் இறங்கியிருக்கிறேன்.

தபாலில் போட்டுவிட்டு, அவள் இருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். ரசம் ஊற்றியிருப்பாள்.

புரட்டாசி 2

வீட்டை வடிவின் பொறுப்பில் விட்டேன். மண்டிச் சாவியை நல்லகுத்தாலத்திடம் கொடுத்தேன்.

"மலைக்குப் போறேன். மூணு மாசம் ஆகும்."

"சரக்கு எடுக்கவா மொதலாளி?"

"இல்ல. வேலைக்கு."

நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான். மூன்று மாதத்தில் மண்டியில் பாதியைத் தின்றுவிடுவான் என்று எனக்குப் பட்டது. தின்னாமலும் இருக்கலாம். தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்தக் கை இப்போது இல்லை.

புரட்டாசி 4

மூன்றாம் அருவிக்கு மேலே பாறைதான் என்று நான் சொன்னேனே, பாறைதான். ஒரு பகல் முழுக்க அங்கேயே நின்றேன். மஞ்சு மூடி விலகியது, மறுபடி மூடியது. திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. மூன்றாம் தடவை மஞ்சு விலகியபோது முற்றம் தெரிந்தது. நீலப் பூங்கொடி ஏறிய ஏழு குடில். முற்றத்தில் ஏலக்காயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிரக்கூட இல்லை.

"என்ன வாங்க வந்தீரு?"

"வாங்க வரல. மூணு மாசம் வேலைக்கு நிக்கலாம்னு வந்தேன்."

"எதுக்கு?"

வழியெல்லாம் பேச்சு தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "நீ என்னயப் பாத்து முடிச்சுட்ட. நான் ஒன்னயப் பாக்கவே இல்ல. வேவுக்காரியத்தான் பாத்தேன்" என்றேன்.

கையில் இருந்த ஏலக்காயைப் பாயில் உதிர்த்துவிட்டு நிமிர்ந்தாள். உள்ளேயிருந்து ஒரு குரல், "யாருட்டி அது?" என்று கேட்டது.

"வேலை கேட்டு ஒரு ஆளு வந்திருக்கு" என்று பதில் சொன்னாள். பிறகு என்னிடம், "இப்பிடி ஒரு ஆம்பள இதுவரைக்கும் இங்க ஏறி வந்தது கெடையாது. மூணு மாசம் முடிஞ்சு நான் வேண்டாம்னு சொன்னா?" என்று கேட்டாள்.

"எறங்கிப் போறேன்."

"அழுது, கால்ல விழுந்து, வம்பு பண்ணக் கூடாது."

"மாட்டேன்." பிறகு கேட்டேன். "ஒம் பேரு என்ன?"

"வந்த அன்னைக்கே கேப்பீரா? அதுக்கு நாளாவும். அதுவரைக்கும் அம்மான்னு கூப்பிடும். வேலைக்காரங்க அப்பிடித்தான கூப்பிடணும்?"

"சரிம்மா" என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு குடிலுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். ஆளுயரக் கொம்போடு ஐந்தாறு மிளா மான்கள் வீட்டு மாடு போலப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கொம்பில்லாத ஒரு பெட்டை எழுந்து என்னைப் பார்த்து மூச்சு விட்டது. அவள் ஒரு மூங்கில் குழாயை என் கையில் திணித்தாள்.

"மிளாப் பாலு கறக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கத்துத் தாரேன். முன்னங்காலுப் பக்கமா உக்காரும்."

"உதைக்குமா?"

"நல்லா உதைக்கும்" என்றாள்.

உட்கார்ந்தேன்.